அனலைதீவின் முதுகு

ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்,
எங்கேயும் இறங்காமல் இருப்பதற்கு.

ஊர்காவற்றுறைத் துறையில்
செம்மஞ்சள் அங்கியை என் தோளில் மாட்டி
வார் இறுக்கிய சவிரிமுத்து
முகத்தை உற்றுப் பார்த்தார்.
"கணக்கு டீச்சரெல்லோ?
இந்தக் கடலிலை இன்னும் என்ன மிச்சம் உங்களுக்கு?"

ஆறு வருடம்.
விடியப்புறப் படகு,
கையில் ஒரு தேசிக்காய்,
மடியில் திருத்தாத கொப்பிகள்.
ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில்
சிவப்புக் கோடு விழுந்துவிடும் என்பதால்
அலைகளை நிமிடங்களாகத்தான் எண்ணியிருக்கிறேன்.
சோழகம் அடித்தால் வாந்தி.
வாடை அடித்தால் லீவுக் கடிதம்.
இரண்டும் இல்லாத நாட்களில்
கடல் எப்படி இருந்ததென்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

இன்றைக்கு நிரஞ்சலாவுக்கு ஐம்பது வயது.
அவள் பிடித்த படகு இது.
முன்பு சீமெந்து ஏற்றியது, ஆடு ஏற்றியது,
இப்போது நீலம் பூசி
பன்னிரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள்.
இன்னும் லேசாக ஆட்டு மணம்.
யாரும் சொல்லவில்லை.
ரோல்ஸ் வந்தது. நெல்லி ரசம் வந்தது.
அவளுடைய மனுசன் தொப்பி போட்டு
ஒரு தடவை, தொப்பி கழற்றி ஒரு தடவை
படம் எடுத்துக்கொண்டான்.

பங்குனிக் கடல்.
எண்ணெய் தடவிய தோசைக்கல்லாய்த் தண்ணீர்.
வலப்பக்கம் கடற்கோட்டை,
அதன் சுவரில் வெயில் நெளிந்து நெளிந்து
எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தது.
களங்கண்ணித் தடிகளில்
தடிக்கொன்றாய்க் கடற்காகங்கள்
சிறகைக் காயப்போட்டு நின்றன,
பின்னேரம் வரை வேறு வேலையில்லாதவர்கள்போல.
குனிந்தால் அடி தெரிந்தது.
சாதாளை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
பின் மறுபக்கம் சாய்ந்தது.
அவ்வளவுதான் நடந்தது.
அதை நான் வெகுநேரம் பார்த்தேன்.

எழுவைதீவு வந்தது, போனது.
பிறகு அனலைதீவின் துறை.
எஞ்சின் சத்தம் தணிய
என் கால் தானாக எழுந்துவிட்டது.
கைப்பை தோளில், சீலைக் கொய்யகம் இடக்கையில்.
எல்லோரும் சிரித்தார்கள்.
"இருங்கோ டீச்சர்,
இண்டைக்கு ஞாயிறு" என்றார் சவிரிமுத்து,
சுக்கானை வளைத்தார்.

தீவு மெல்லத் திரும்பியது.
ஆறு வருடமும் எனக்கு முகம் மட்டுமே காட்டிய தீவு.
துறை, தார் ரோட்டு, ஓட்டோ, பள்ளிக்கூட வாசல்.
இது அதன் முதுகு.
பனைகள் தண்ணீர்வரை வந்து நின்றன.
ஒரு மாடு முழங்காலளவு கடலில்
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.
கழுத்தளவு தண்ணீரில் ஒருவர்
நாய்க்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார்.
பிறகு ஒரு மதில்.
மதிலுக்கு மேல் பச்சை யன்னல், மூன்றாவது பலகை இல்லை.

பத்து பி.
பின்வரிசை.
டிலக்சன்.

இருபடிச் சமன்பாட்டின் நடுவில்
அவன் தலை எப்போதும் அந்தப் பக்கம்.
ஒருநாள் சோக்கட்டியால் எறிந்தேன்.
"அங்கை என்னடா பார்க்கிறாய்?"
எழுந்து நின்றான்,
நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு.
"ஒண்டுமில்லை டீச்சர்."

அப்போது அதை
ஒரு பொய்யென்று குறித்துக்கொண்டேன்.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.
ஏனென்று சவிரிமுத்து கேட்கவில்லை.
படகு தன்பாட்டில் கொஞ்சம் சுற்றியது,
ஆலா ஒன்று தண்ணீரைத் தொட்டுவிட்டு
வெறும் வாயோடு எழுந்தது.
நிரஞ்சலா கேட்டாள்,
என்னடி, தலை சுற்றுதோ, தேசிக்காய் இருக்கு.

இல்லையென்றேன்.
யன்னலிலிருந்து பார்த்தால்
நான் இப்போது
அந்தப் பலகை இல்லாத இடத்தில்
ஒரு நீலப் புள்ளி.
ஒண்டுமில்லை.

இன்னொரு ரோல்ஸ் எடுத்தேன்.
மீன் ரோல்ஸ், உறைப்பு அதிகம்.